பாக்கெட்டில் இருப்பவர்கள் உயிரோடு இருக்கிறார்களா?

ஆறு வருஷம் எனக்கு எண்ணுவதே வேலை. உயிர் உரம், அதாவது பயிருக்கு உதவும் உயிருள்ள பாக்டீரியாவைப் பாக்கெட்டில் அடைத்தது, அதைத் தயாரிக்கும் ஒரு கூடத்தில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். பாக்கெட்டிலிருந்து ஒரு கிராம் எடுத்து, பத்துப் பத்து மடங்காக ஆறு தடவை நீர்க்கச் செய்து, அதில் ஒரு மில்லியை, பாக்டீரியாவுக்கு உணவாகும் கூழோடு (ஊடகம் என்போம்) பெட்ரி தட்டில் ஊற்றி, உறைந்ததும் கவிழ்த்து வைப்பேன். சில நாள் கழித்துத் தட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, பேனாவால் குத்திக் குத்தி எத்தனை புள்ளி என்று எண்ணுவேன். ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு பாக்டீரியாவிலிருந்து பெருகிய காலனி. தட்டில் நூறு புள்ளி இருந்தால், பாக்கெட்டில் கிராமுக்கு 10 கோடி உயிர் என்று கணக்கு.

ஒரு கோடையில் என் மாமா, "பயிர்ல ஒரு வித்தியாசமும் தெரியலையேம்மா" என்று சொல்லி, மிச்சமிருந்த ரைசோபியம் (பயறு வகைகளுக்கான பாக்டீரியா) பாக்கெட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். மோட்டார் ரூமில், தகரக் கூரைக்குக் கீழே, ஸ்டார்ட்டர் பெட்டியின் மேல் ஒன்றரை மாதம் இருந்த பாக்கெட். அதே தயாரிப்பு எண் உள்ள பாக்கெட் எங்கள் குளிர் அறையிலும் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தட்டில் ஊற்றினேன். குளிர் அறைப் பாக்கெட்டில் 120 புள்ளிக்குப் பக்கம். மாமாவின் பாக்கெட்டில் மூன்று. அந்த மூன்றும்கூட ரைசோபியம் இல்லை. ரைசோபியத்துக்கான தட்டில் காங்கோ ரெட் என்ற சாயம் கலந்திருப்போம். ரைசோபியம் அதை அவ்வளவாக உறிஞ்சாது, வெளிறித்தான் இருக்கும். இவை மூன்றும் சாயத்தைக் குடித்து நன்றாகச் சிவந்திருந்தன. வெளியிலிருந்து புகுந்த வேறு எதுவோ.

விஷயத்தைச் சொன்னதும் மாமா கேட்டது: "உரந்தானே, எங்க வெச்சா என்ன?"

பெயர்தான் அவரைக் குழப்பியிருக்கிறது. யூரியா மூட்டையை எங்கே வைத்தாலும், கட்டிதட்டினாலும், அதிலுள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம் போய்விடாது. இந்தப் பாக்கெட்டில் இருப்பது குஞ்சு பொரித்து அனுப்பிய கோழிக்குஞ்சு மாதிரி. வழியில் எத்தனை சாகிறது, விதை மேல் எத்தனை உயிரோடு இறங்குகிறது என்பதுதான் முழுக்கதையும். கீழே சொல்லியிருப்பதெல்லாம் அந்த எண்ணிக்கையைக் காப்பாற்றுகிற வேலைகள்தான்.

எது எதற்கு

பயறு வகைகளுக்கு ரைசோபியம். இதில்தான் பலன் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். வேர்த்தூவி வழியாக உள்ளே போய், வேரில் முடிச்சு கட்டவைத்து, அதற்குள் உட்கார்ந்து காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றிச் செடிக்குக் கொடுக்கும். கூலியாகச் செடி சர்க்கரை கொடுக்கும். பயறுச் செடி முடிச்சுகள் வழியாகத்தான் காற்றின் நைட்ரஜனை எடுக்கிறது என்று ஜெர்மனியில் ஹெல்ரீகல் 1886இல் காட்டினார். 1888இல் நெதர்லாந்தின் பெயரிங்க் அந்தப் பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்தார். 1896இலேயே 'நைட்ரஜின்' என்ற பெயரில் அதற்குக் காப்புரிமை வாங்கி விற்பனைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். அன்றைக்கே ஒவ்வொரு பயிருக்கும் தனித்தனிக் குப்பி.

அந்தத் தனித்தனி என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சோயாவுக்கான ரைசோபியம் கொண்டைக்கடலைக்கு உதவாது. பட்டாணியும் மசூரும் ஒரு கூட்டம். வெந்தயமும் குதிரைமசாலும் ஒரு கூட்டம். தட்டைப்பயறு, பச்சைப்பயறு, உளுந்து, நிலக்கடலை எல்லாம் மெதுவாக வளரும் இன்னொரு கூட்டத்தோடு சேரும். பாக்கெட்டில் வெறுமனே 'ரைசோபியம்' என்று போட்டு, எந்தப் பயிருக்கு என்று போடாமல் இருந்தால் அதை வாங்காதீர்கள்.

நெல், சோளம், மக்காச்சோளம், கம்பு மாதிரிப் புல்லினப் பயிர்களுக்கு அசோஸ்பைரில்லம். இது முடிச்சு கட்டாது. வேரின் மேலும் வேர்ப்பட்டையிலும் ஒட்டி வாழும். இதுவும் நைட்ரஜனை நிலைநிறுத்தும்தான். ஆனால் என் அபிப்பிராயத்தில் இதன் பெரிய உபகாரம் வேர் வளர்ச்சி. ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனைச் சுரந்து பக்கவேர்களையும் வேர்த்தூவிகளையும் அதிகமாக்கும். வேர் பெருத்தால் மண்ணில் இருக்கிற நீரும் சத்தும் கூடுதலாகக் கிடைக்கும். "இதைப் போட்டால் யூரியாவே வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நான் அங்கே நிற்பதில்லை.

பாஸ்போபாக்டீரியா மணிச்சத்தை (பாஸ்பரஸ்) உண்டாக்காது, மண்ணில் பூட்டியிருப்பதைத் திறந்துவிடும். பரிசோதனைத் தட்டில் இதைப் பார்ப்பது ஓர் அழகு. கால்சியம் பாஸ்பேட் கலந்த ஊடகம் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். இந்தப் பாக்டீரியா வளர்ந்த இடத்தைச் சுற்றி மட்டும் கண்ணாடி போல ஒரு வட்டம் தெளிந்துவரும். அது விடுகிற அமிலம் பாஸ்பேட்டைக் கரைத்த தடம் அது. மண்ணில் பாஸ்பேட்டே இல்லையென்றால் திறக்க ஒன்றுமில்லை. அதனால் மண் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு இதைப் போடுவதா என்று முடிவு செய்யுங்கள்.

வேரழுகல், நாற்றழுகல் தொல்லை உள்ள இடத்தில் சூடோமோனாஸ் புளோரசன்ஸ் அல்லது பேசில்லஸ் சப்டிலிஸ். சூடோமோனாஸ் மண்ணிலுள்ள இரும்பைப் பிடித்துக்கொள்ளும் ஒரு பொருளைச் சுரக்கும். புற ஊதா விளக்கில் தட்டு பச்சைமஞ்சளாய் மின்னுவது அதனால்தான். நோய்ப் பூஞ்சைக்கு இரும்பு கிடைக்காமல் போகும். பேசில்லஸ் கொஞ்சம் தடித்தோல்காரன். வித்தாக (ஸ்போர்) மாறி உறங்கிக்கொள்ளும் என்பதால் வெயிலையும் உலர்வையும் மற்றவற்றைவிடத் தாங்கும். பராமரிப்பில் அலட்சியமாக இருப்பவர்கள் பேசில்லஸிலிருந்து ஆரம்பிக்கலாம். கிண்டலாகச் சொல்லவில்லை, அதுதான் புத்திசாலித்தனம்.

வாங்கும்போதும் வைக்கும்போதும்

பாக்கெட்டைத் திருப்பி மூன்று விஷயம் பாருங்கள்: எந்தப் பாக்டீரியா, எந்தப் பயிருக்கு, கடைசித் தேதி. கிராமுக்கோ மில்லிக்கோ எத்தனை உயிர் என்றும் போட்டிருந்தால் நல்லது. கரித்தூளிலோ பீட்டிலோ (சதுப்பு நிலத்து மக்கு) கலந்த பாக்கெட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். ஈர மண் மாதிரி லேசாகப் பிசுக்க வேண்டும். உலர்ந்து தூசியாகப் பறந்தால் உள்ளே பெரும்பாலும் சாவுதான். நாற்றம் அடித்தாலோ, பிரித்ததும் பூசணம் பூத்திருந்தாலோ அதுவும் வேண்டாம்.

திரவமாக வருவது பொதுவாகத் தூளைவிட அதிக நாள் தாங்கும், விதையில் கலப்பதும் சுலபம். புட்டி உப்பியிருந்தால் மட்டும் தொடாதீர்கள். வேண்டாத நுண்ணுயிர் உள்ளே புகுந்து நொதித்திருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு நிழலான, குளிர்ச்சியான, காற்றோட்டமுள்ள இடம். மண்பானைக்குப் பக்கம் போல. உறைய வைக்காதீர்கள். பூச்சி மருந்து இருக்கும் அலமாரியில் வைக்காதீர்கள். வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துக் கொண்டுவருவது மோட்டார் ரூமைவிட மோசம். எடுத்துவரும்போது ஒரு ஈரத்துணியைச் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டால் போதும். விதைக்கும் வாரத்தில் வாங்கினால் இந்தக் கவலை பாதி குறையும்.

விதை நேர்த்தி

விதைப்பதற்கு முன் விதை மேல் பாக்டீரியாவைப் பூசுவதுதான் விதை நேர்த்தி. கணக்கு ஒன்று போட்டுக் காட்டுகிறேன், அப்புறம் ஏன் இவ்வளவு பதைக்கிறேன் என்று புரியும். பச்சைப்பயறு ஆயிரம் விதை சுமார் 35 கிராம் இருக்கும். 10 கிலோவில் ஏறக்குறைய 2 லட்சத்து 85 ஆயிரம் விதை. கிராமுக்கு 10 கோடி உயிர் உள்ள 200 கிராம் பாக்கெட்டில் மொத்தம் 2000 கோடி. வகுத்தால் விதைக்குச் சுமார் 70 ஆயிரம். ஒட்டிய பிறகு உலரும்போதே இதில் பெரும்பகுதி செத்துவிடும். மிச்சமிருப்பது மண்ணில் ஏற்கெனவே குடியிருக்கும் ரைசோபியங்களோடு மோதி வேரைப் பிடிக்க வேண்டும். மாமாவின் பாக்கெட்டில் இந்தக் கணக்கைப் போட முதல் வரியே கிடையாது.

ஆகவே 10 கிலோ விதைக்கு ஒரு 200 கிராம் பாக்கெட் என்பது குறைந்தபட்சம். கூடுதலாகப் போட்டால் கெடுதல் இல்லை. திரவம் என்றால் புட்டியில் சொல்லியிருக்கும் அளவு.

செய்முறை இது. ஒரு லிட்டர் வெந்நீரில் 100 கிராம் வெல்லத்தைக் கரைத்து, முழுசாக ஆறவிடுங்கள். கையை விட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பே இருக்கக் கூடாது. வெல்லத்துக்குப் பதிலாக மாவில் காய்ச்சிய நீர்த்த கஞ்சியும் ஆகும், அதுவும் ஆறியிருக்க வேண்டும். இதில் கால் லிட்டரில் பாக்கெட்டைக் கொட்டிக் குழப்புங்கள். தோசை மாவைவிடக் கொஞ்சம் தளர்வாக, விரலில் தொட்டால் கோடு விழுகிற பதம். நிழலில் விரித்த படுதாவில் விதையைக் கொட்டி, குழம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, படுதாவின் நாலு மூலையையும் இரண்டு பேர் பிடித்துப் புரட்டிப் புரட்டிக் கலக்குங்கள். ஒவ்வொரு விதை மேலும் மெல்லிய கருப்புப் பூச்சு வந்தால் போதும். விதை ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகத் திரண்டால் நீர் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் விதையோ உலர் பாக்கெட் தூளோ சேர்த்துச் சரிசெய்யலாம்.

நிலக்கடலையில் மட்டும் கையால் பிசையவே பிசையாதீர்கள். ஈரம் பட்டதும் பருப்பின் மெல்லிய தோல் நெகிழ்ந்துவிடும். தோல் உரிந்த பருப்பு பெரும்பாலும் முளைக்காது, அழுகும். நான் முதல் தடவை கைநிறைய அள்ளிப் பிசைந்து, ஒரு கூடை விதையைச் சிவப்புத் தோல் வேறு, வெள்ளைப் பருப்பு வேறாக்கி வைத்தேன். அத்தனை வருஷம் ஆய்வுக்கூடத்தில் இருந்தது அன்றைக்குக் கைகொடுக்கவில்லை. படுதாவை மெதுவாக ஆட்டினாலே போதும்.

அரை மணி நேரம் நிழலில் காயட்டும். விதைக்கும்போது கையில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்தால் சரி, கலகலவென்று உலரத் தேவையில்லை. அன்றே விதையுங்கள். முடிந்தால் சாயங்காலம், ஈரமண்ணில், விதைத்த உடனே மூடிவிடுங்கள். நேரடி வெயில் பட்டு மேலே கிடக்கும் விதையில் பாக்டீரியா மணிக்கணக்கில்கூடத் தாங்காது. மழை வந்து விதைப்பு தள்ளிப்போனால், மறுநாள் மறுபடி ஒரு பாக்கெட் சேர்த்துத்தான் விதைக்க வேண்டும். அந்தச் செலவை மிச்சப்படுத்தாதீர்கள்.

பூஞ்சைக்கொல்லி? பலர் தடுக்கி விழும் இடம் இது. விதைக்குப் பூஞ்சைக்கொல்லி கண்டிப்பாகத் தேவை என்றால் முதலில் அது, ஒரு நாள் கழித்துப் பூச்சிமருந்து தேவையென்றால் அது, கடைசியாக விதைப்பதற்குச் சற்று முன்னால் பாக்டீரியா. வரிசை எப்போதும் இப்படித்தான். தாமிரம் கலந்த மருந்து பூசிய விதையென்றால் பாக்டீரியாவை விதையில் ஒட்டும் யோசனையையே விட்டுவிட்டு, தொழு உரத்தில் கலந்து விதைச்சாலில் போட்டுவிடுங்கள். கடையில் வரும்போதே சிவப்பும் பச்சையுமாகச் சாயம் பூசி வரும் விதைக்கும் இதே வழி.

நாற்று, மண், சொட்டுநீர்

நாற்று நடும் பயிருக்கு விதையில் ஒட்டுவதைவிட வேரை நனைப்பது எனக்குப் பிடிக்கும். வேர் ஏற்கெனவே இருக்கிறது, பாக்டீரியா நேராக அங்கேயே போய் இறங்குகிறது. ஏக்கருக்கு 400 கிராம் அசோஸ்பைரில்லத்தை 15 முதல் 20 லிட்டர் தண்ணீரில் கரைத்து, நாற்றுக்கட்டுகளின் வேர்ப்பகுதி மட்டும் முங்குகிற மாதிரி 15 முதல் 30 நிமிஷம் வைத்து எடுத்து நடுங்கள். பாஸ்போபாக்டீரியாவும் தேவையென்றால் அதையும் அதே தண்ணீரில் கலக்கலாம். மிச்சத் தண்ணீரை வயலிலேயே ஊற்றிவிடுங்கள்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் என்றால், குளோரின் நுண்ணுயிரைக் கொல்வதற்கென்றே போட்டது என்பதை மறக்காதீர்கள். அகலமான பாத்திரத்தில் பிடித்து ஒரு இரவு திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். கிணற்று நீர், மழை நீர் இருந்தால் தொல்லையே இல்லை. அதே மாதிரி, நேற்று பூஞ்சைக்கொல்லி அடித்த தெளிப்பானில் இன்று பாக்டீரியாவை ஊற்றாதீர்கள். இதற்கென்று ஒரு வாளியும் ஒரு குவளையும் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

மண்ணில் இடுவதானால் ஏக்கருக்கு 800 கிராம், அதாவது நாலு பாக்கெட். இதை 10 கிலோ நன்றாக மக்கிய தொழு உரத்தோடும் 10 கிலோ மணலோடும் கலந்து, ஈரமான மண்ணில் வேர்ப்பகுதிக்குப் பக்கத்தில் இட்டு மூடுங்கள். தொழு உரத்துக்குள் கையை நுழைத்துப் பாருங்கள். உள்ளே சூடாக இருந்தால் அது இன்னும் மக்கிக்கொண்டிருக்கிறது. அதில் கலந்தால் வேக வைத்த மாதிரிதான். கலந்ததை ஈரச்சாக்கால் மூடி நிழலில் சில நாள் வைத்திருந்து போடுபவர்களும் உண்டு. உரம் நன்றாக மக்கியிருந்தால் அதில் தப்பில்லை.

ரசாயன உரத்தை அதே நாளில் அதே கையால் கலந்து வீசாதீர்கள். அதிலுள்ள உப்பு பாக்டீரியாவின் நீரை உறிஞ்சிவிடும். ஒரு வார இடைவெளி வையுங்கள். பயறு வகையில் இன்னொரு காரணமும் இருக்கிறது: மண்ணில் தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி முடிச்சு கட்டுவதைக் குறைத்துவிடும். கையில் பணம் இருக்கும்போது கூலி கொடுத்து ஆள் வைப்பானேன் என்கிற கணக்குதான் செடிக்கும். ஆனால் மணிச்சத்தைக் குறைக்காதீர்கள், முடிச்சுக்கு அது வேண்டும். மாலிப்டினமும் இரும்பும் இல்லாமலும் நைட்ரஜனைப் பிடிக்கும் நொதி வேலை செய்யாது. மண் ரொம்பப் புளித்து (அமிலத்தன்மை கூடி) பிஹெச் அளவு 5.5க்குக் கீழே போயிருந்தால் முதலில் சுண்ணாம்பு இட்டு அதைச் சரிசெய்யுங்கள், அப்புறம் பாக்டீரியாவைப் பற்றி யோசிக்கலாம். தண்ணீர் தேங்கும் நிலத்தில் காற்றில்லாமல் பயறு வகையின் முடிச்சுகள் அழுகும்.

சொட்டுநீரில் விடுவதென்றால் திரவம்தான். கரித்தூள் பாக்கெட்டைக் கரைத்து விட்டு, அப்புறம் அடைத்த துளிப்பான்களை ஊசியால் குத்திக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் வெறும் தண்ணீர் ஓடி மண் நனையட்டும், அப்புறம் திரவம், கடைசியில் குழாய் கழுவ மறுபடி கொஞ்சம் வெறும் தண்ணீர். குழாய் சுத்தம் செய்ய அமிலம் விடும் நாளை இதிலிருந்து தள்ளி வையுங்கள்.

டிரம்மில் பெருக்கலாமா?

எனக்கு வந்த கேள்விகளிலேயே அதிகம் வந்தது இதுதான். ஒரு பாக்கெட்டை வெல்லத் தண்ணீரில் போட்டு ஒரு வாரம் கலக்கினால் 200 லிட்டர் கிடைக்குமே, எதற்குப் பாக்கெட் பாக்கெட்டாக வாங்க வேண்டும் என்று.

ஒருத்தர் அப்படிப் பெருக்கிய அசோஸ்பைரில்லம் என்று ஒரு பாட்டிலில் கொண்டுவந்தார். நுரை ததும்பியது, புளித்த வாசனை. "பாருங்க, எவ்வளவு உயிரோட்டமா இருக்கு" என்றார். உயிரோட்டம் இருந்தது உண்மைதான். தட்டில் ஊற்றினால் ஒன்றன்மேல் ஒன்றாகக் காலனிகள், எண்ணவே முடியவில்லை. பெரும்பாலும் ஈஸ்ட், மீதி என்னென்னவோ. அசோஸ்பைரில்லத்துக்கென்று நாங்கள் வைத்திருக்கும் அரைத்திண்ம (பாதி உறைந்த) ஊடகம் ஒன்று உண்டு. இந்தப் பாக்டீரியா வளர்ந்தால் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே வெள்ளைப் படலம் கட்டி, பச்சைமஞ்சள் நிறம் நீலமாக மாறும். அவருடையதை அதிலும் விட்டுப் பார்த்தேன். நாலு நாள் ஆகியும் நீலம் வரவில்லை.

காரணம் எளிது. அந்த ஊடகத்தில் உணவாக வைப்பது மாலிக் அமிலம், அசோஸ்பைரில்லத்துக்கு அது உயிர். வெல்லத்தில் பெரும்பகுதி கரும்புச் சர்க்கரை. உரமாக அதிகம் புழங்கும் அசோஸ்பைரில்லம் பிரேசிலென்ஸ் அந்தச் சர்க்கரையைச் சாப்பிடாது. டிரம்மில் விருந்து வைத்தது அவர், வந்து சாப்பிட்டது வேறு யாரோ. விதை நேர்த்தியில் நாம் வெல்லம் போடுவது ஒட்டுவதற்காகத்தான், தீனிக்காக இல்லை. பேசில்லஸ் மாதிரிச் சில வகைகள் வெல்லத்தில் வளரும். ஆனால் திறந்த டிரம்மில் வளர்ந்தது அதுதானா, நோய்க்கிருமி எதுவும் கூடவே வளர்ந்ததா என்று நுரையையும் வாசனையையும் வைத்துச் சொல்ல யாராலும் முடியாது. நான் செய்ய மாட்டேன்.

வேரைப் பார்ப்பது

பாக்டீரியா போட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இலையைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்கிறார்கள். இலை பச்சையாக ஆயிரம் காரணம் இருக்கும். அதனால் வயலில் நாலு வரிசையாவது பாக்டீரியா சேர்க்காமல் விட்டு வையுங்கள். அந்த வரிசைகளை முதலில் விதைத்து முடியுங்கள். நேர்த்தி செய்த விதையைத் தொட்ட கையாலும், அது ஓடிய விதைப்புக் கருவியாலும் பிறகு சும்மா விதையை விதைத்தால் அதிலும் பாக்டீரியா ஒட்டிக்கொள்ளும். நல்ல ஒப்பீடுகள் பல இப்படித்தான் வீணாகின்றன.

பயறு பூக்கத் தொடங்கும்போது, ஏறக்குறைய 35 முதல் 45 நாளில், இரு பக்கத்திலிருந்தும் நாலைந்து செடி எடுங்கள். பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணோடு நின்றுவிடும். ஒரு சாண் தள்ளி மண்வெட்டி போட்டு, மண்கட்டியோடு தூக்கி, வாளித் தண்ணீரில் அரை மணி ஊறவைத்து மெல்ல ஆட்டுங்கள். மண் தானாகக் கரைந்து போகும்.

தண்டுக்குக் கீழே ஆணிவேரின் மேல்பகுதியில் பருத்த முடிச்சுகள் கொத்தாக இருந்தால் நல்ல அறிகுறி. அங்கேதான் முளைத்த புதிதில் விதையோடு வந்த பாக்டீரியா பிடித்திருக்கும். பக்கவேர் முழுக்கக் கடுகளவில் சிதறிக் கிடப்பவை பெரும்பாலும் மண்ணிலேயே இருந்த சோம்பேறிகளின் வேலை. ஒரு முடிச்சை நகத்தால் இரண்டாகக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாகவோ ரத்தச் சிவப்பாகவோ இருந்தால் வேலை நடக்கிறது. நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான லெக்ஹீமோகுளோபின் அது. நைட்ரஜன் பிடிக்கும் நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது, ஆனால் பாக்டீரியா மூச்சு விட ஆக்சிஜன் வேண்டும். அளந்து அளந்து கொடுக்கும் வேலையை இந்தச் சிவப்பு செய்கிறது. வெள்ளையாக இருந்தால் இன்னும் தொடங்கவில்லை அல்லது வேலைக்கு ஆகாதது. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் காலம் முடிந்தது. காய் முற்றும்போது அப்படித்தான் இருக்கும், கவலை வேண்டாம்.

நூற்புழு வீக்கத்தை முடிச்சு என்று நினைத்துச் சந்தோஷப்படுபவர்களும் உண்டு. முடிச்சு வேரின் பக்கத்தில் மணி மாதிரி ஒட்டியிருக்கும், விரலால் தள்ளினால் உதிரும். நூற்புழு வீக்கத்தில் வேரே உப்பியிருக்கும், தள்ளினால் வராது.

சில சமயம் இரண்டு பக்கமும் ஒன்று போலவே இருக்கும். எங்கள் தோட்டத்தில் பச்சைப்பயறில் அப்படித்தான். வருஷா வருஷம் பயறு போட்ட மண், அதற்கு ஏற்ற ரைசோபியம் அங்கே ஏற்கெனவே நிறையக் குடியிருக்கிறது. அதே தோட்டத்தில் முதல் தடவை சோயா போட்டபோது நாங்கள் சேர்க்காமல் விட்ட வரிசைகள் முப்பதாம் நாள் தூரத்திலிருந்தே மஞ்சளாகத் தெரிந்தன. வேரைக் கழுவினால் ஒரு முடிச்சுகூட இல்லை. சோயாவே பார்த்திராத மண்ணில் அதற்கான ரைசோபியம் இல்லாமல் போவது சகஜம். புதுப் பயிருக்கு, அல்லது அந்தப் பயிர் விளைந்து பல வருஷமான நிலத்துக்கு, பாக்கெட் கட்டாயம். வருஷா வருஷம் விளையும் நிலத்தில் நாலு வரிசை விட்டுப் பார்த்து முடிவு செய்யலாம்.

மணல் பானை

ஆய்வுக்கூடம் இல்லாமல் ரைசோபியம் பாக்கெட்டைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது, விதைப்புக்கு ஒரு மாதம் முன்னால் தொடங்க வேண்டும். ஆற்று மணலைத் தண்ணீர் தெளியும் வரை கழுவி, அரை மணி நேரம் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். வெந்நீர் ஊற்றிக் கழுவிய இரண்டு தொட்டிகளில் நிரப்புங்கள். ஒன்றில் சும்மா விதை ஐந்து, இன்னொன்றில் நேர்த்தி செய்த விதை ஐந்து. கொதித்து ஆறிய தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். சாம்பல் ஒரு சிட்டிகை சேர்க்கலாம், தழைச்சத்து தரும் எதையும் சேர்க்காதீர்கள். இரண்டு தொட்டியும் நாலடி தள்ளி இருக்கட்டும், தெறிக்கக் கூடாது. மூன்று நாலு வாரத்தில் மணலை உதிர்த்துப் பாருங்கள். நேர்த்தி செய்த தொட்டியில் முடிச்சும், மற்றதில் வெறும் வேரும் இருந்தால் பாக்கெட் உயிரோடு இருக்கிறது.

மாமாவுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தேன். மாதக் கடைசியில் போன் பண்ணி, "ரெண்டுலயும் முடிச்சு வந்துருக்கும்மா, அப்ப சும்மா விதையே போதும்ல?" என்றார். போய்ப் பார்த்தேன். மணல் கொதிக்கவைத்ததுதான், தண்ணீர் ஆறவைத்ததுதான், தொட்டிகள் தள்ளித்தான் இருந்தன. நடுவில் இருந்த வாளியில் ஒரே ஒரு குவளை மிதந்துகொண்டிருந்தது. தினமும் முதலில் நேர்த்தி செய்த தொட்டிக்கு, குவளையின் விளிம்பு மணலில் படப் படச் சாய்த்து ஊற்றிவிட்டு, அதே குவளையை வாளியில் முக்கி அடுத்ததற்கு ஊற்றியிருக்கிறார்.

இப்போது அவரிடம் இரண்டு வாளி, இரண்டு குவளை. சேர்க்காத தொட்டிக்கான குவளையின் கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறார். அதற்குத்தான் முதலில் தண்ணீர்.